இராமநாதன் விட்ட முதுசொமும் கடனும்

பெரியார் ஒருவர் மறைந்தபின் அவரைப் பற்றிப் பேசும் வழக்கு நம்மிடையே இருவகையாய் நிலவுகின்றது. மேடையிற் பேசும்பொழுது அவர் குற்றமேயற்ற தெய்வமாகின்றார். மேடையை விட்டிறங்கித் திண்ணையிற் பேசும்பொழுது, தம் குலத்துக்கும் தம் கூட்டத்துக்கும் உழைத்த வெறும் மனிதராகின்றார். இவ்விரு பேச்சுக்களும் ஒன்றையொன்று சந்திப்பதேயில்லை. விழா மலர்கள் பெரும்பாலும் முதல்வகைப் பேச்சுக்கே இடந்தருவன. எனினும் கற்றோர் கூடி வெளியிடும் மலரொன்றில் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து நோக்குதல் தகாதது ஆகாது என்பது நம் துணிபு. நாம் எடுத்துக்கொண்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். கொழும்பிற் பிறந்து, கொழும்பில் வாழ்ந்து, யாழ்ப்பாணத்துக்கும் இலங்கை முழுவதற்கும் உழைத்தவர் அவர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் சைவத் தமிழராகிய நாம் இன்றும் அவரது நிழலிலேயே நடக்கின்றோம். ஆதலின் அவரை எடையிடும் உரிமையும் கடமையும் நமக்குண்டு.

முதலில் அவர் நமக்கு ஈந்தவற்றை நினைவு கூர்வோம். 1851 ஆம் ஆண்டிற் பிறந்த இராமநாதன், 1879 இல், இருபத்தெட்டு வயதிலேயே சட்டநிரூபண சபையிற் தமிழர் பிரதிநிதியாய் அமர்ந்தார். வெசாக் நன்னாள் 1885 இற் பொது விடுமுறையாதற்கு உழைத்தோருள் அவரும் ஒருவர். பௌத்தரல்லாத ஒருவர் பௌத்தரின் திருநாளுக்காக வாதாடிய அக்காலத்தை இன்று எண்ணினும் உள்ளம் குளிர்கின்றது. 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாய்ப் பணியாற்றினார். 1911 இற் படித்த இலங்கையருக்கென முதன்முதல் தேர்தல் ஆசனமொன்று அமைந்தபொழுது, சிங்களரும் தமிழரும் சேர்ந்தளித்த வாக்குகளால் வெற்றி பெற்றார்.

கொச்சிக்கடையிலே அவர் தந்தையார் பொன்னம்பல முதலியார் கட்டுவித்து 1857 இற் கும்பாபிடேகம் நிகழ்த்திய சிவன் கோயிலை, 1907 முதல் 1912 வரை ஐந்தாண்டு உழைத்துக் கருங்கற் றிருப்பணியாக மாற்றியமைத்தவர் இராமநாதனே. பொன்னம்பலவாணேசுவரத்தின் தூண்களைத் தொட்டுப் பார்க்கும் எவரும் அவரது உறுதியையே தொட்டுப் பார்க்கின்றனர் எனலாம். 1913 இற் சைவப் பெண்கள் கற்பதற்கென யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1921 இல் ஆண்களுக்கெனத் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியைத் தொடக்கினார். அப்பரமேசுவராவின் வளவிலேதான் 1974 இற் பல்கலைக்கழக வளாகம் பிறந்தது. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதன் வளர்ச்சியே. பிறர் பணத்தை வேண்டி நில்லாது தம் பொருளை அள்ளிச் சொரிந்து செய்த அறங்கள் இவை. 1930 நவம்பர் 26 ஆம் நாள் அவர் மறைந்தபொழுது, தமிழினம் தன் தந்தையை இழந்ததுபோல் அழுதது.

இனி, ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிக்கது எதுவோ அதனைக்கொண்டு அவரை மதித்தல் வேண்டும் என வள்ளுவர் நெறி வகுத்தார். நினைவுக் கூட்டங்களில் இந்நெறியைத் துணைக்கொண்டு, 'குணமே மிக்கது. ஆதலின் குற்றத்தை மறப்போம்' எனக் கூறி முடிப்பார் பலர். ஆயின் அந்நெறி எவ்விடத்து உரைக்கப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். அது பொருட்பாலிலே, தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில், ஒருவனை வினைக்கு அமர்த்துமுன் அரசன் அவனைத் தேருமாற்றைக் கூறுவது. உயிருடன் உள்ளவனுக்குப் பதவி கொடுப்பதா, மறுப்பதா என்னும் ஐயத்துக்கு ஒரே விடை வேண்டும். ஆகவே கழித்தும் கூட்டியும் மிகுதி காணல் அங்குப் பொருந்தும். மறைந்தவருக்கு நாம் கொடுக்கப்போகும் பதவி யாது? யாதுமில்லை. அவரிடமிருந்து நாம் பெற்றுக்கொள்வது எது என்பதே இங்குள்ள வினா. பெறுதற்கு ஏற்ற அளவுகோல் வேறு.

அவ்வளவுகோல் நம் முன்னோரிடமே உண்டு. 1707 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையைக் காண்க. பெற்றோர் விட்டுச் செல்லும் முதுசொத்தை ஏற்போர் அவர் பட்ட கடனையும் ஏற்றல் வேண்டும் என்பது அதன் நியாயம். 'வளவு பெரிது, கடன் சிறிது. ஆகவே கடனை மறப்போம்' என எந்த மகனும் கடன்காரன் முன் நின்று சொல்லல் இயலாது. அவ்வாறே, 'கடன் உண்டு. ஆகவே வளவு வேண்டாம்' என்பவனும் அறிவுடையன் அல்லன். வளவு வேறு, கடன் வேறு. ஒன்று மற்றொன்றை அழித்துவிடுவதில்லை. இரண்டும் வாரிசின் தலைமேல் வந்து நிற்பன. கடன் கொடுத்தவர் யாவர் என்பதை அறிந்து அவரிடம் செல்லுதலே வாரிசின் முதற் கடமை. இராமநாதன் விட்டுச் சென்ற கடன்களை நாம் இம்முறையிலேயே ஆராய்வோம்.

முதலாவது கடன் சோனகரிடம் பட்டது. 1888 ஆம் ஆண்டு, றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே இராமநாதன் ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் மட்டுமே வேறுபட்டவர் என்பது அதன் சாரம். ஆராய்ச்சிக் கட்டுரை என்னும் அளவில் அது பிழையன்று. எவரும் எதையும் ஆராயலாம். ஆனால் அது படிக்கப்பட்ட காலத்தை மறத்தலாகாது. சோனகர் தமக்கெனச் சட்டநிரூபண சபையில் ஓர் ஆசனம் வேண்டி நின்ற காலம் அது. தமிழர் பிரதிநிதியாய் அச்சபையில் இருந்தவரே, 'நீவிர் தமிழர்' எனத் தீர்ப்புக் கூறியபொழுது, 'உமக்கெனத் தனிக் குரல் வேண்டாம்' என்பதே அவர் செவியில் வீழ்ந்தது. மறு ஆண்டு, 1889 இல், அரசு முஸ்லிம் ஒருவரைச் சபைக்கு நியமித்தது. 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அவர்கள் இராமநாதனின் கட்டுரையை மறுத்து நூலெழுதினார். ஒரு சமுதாயம் தான் யார் என்பதைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமைக்காக எழுதப்பட்ட நூல் அது. நம் பாடசாலைகளில் இராமநாதனின் பெயரை அறியாத மாணவர் இலர். அஸீஸின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இக்கடன் 1915 இல் மேலும் பெருகிற்று. அவ்வாண்டு மே மாத இறுதியிற் கண்டியிற் சிங்களருக்கும் சோனகருக்குமிடையே மூண்ட கலகம், சில நாட்களில் மேல் மாகாணம் முதலிய இடங்களுக்கும் பரவியது. அரசின் கணக்கின்படி 25 பேர் கொல்லப்பட்டனர். 4,075 கடைகள் கொள்ளையிடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரியூட்டப்பட்டன. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. பின்னர் அரசு நிகழ்த்திய கொடுமைகளோ அளவிறந்தவை. விசாரணை என்னும் பெயரே பொருந்தாத விசாரணைகளின்பின் பலர் சுடப்பட்டனர். இளைஞராகிய ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்களத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர்.

அந்நேரத்தில், உலகப் போர் நடந்துகொண்டிருக்க, கடலில் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்துகொண்டிருக்க, அறுபத்துநான்கு வயதினரான இராமநாதன் இங்கிலாந்து சென்று அநீதிக்கெதிராக வாதாடினார். மீண்டு வந்தபொழுது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அவரது வண்டியை இழுத்துச் சென்றனர். இவ்வரலாற்றை நாம் பெருமையுடன் சொல்லி வருகின்றோம். சொல்லவும் வேண்டும், தன் இனத்தவரல்லாதார்க்காக உயிரைப் பணயம் வைத்தல் எளிதன்று.

ஆயினும் 1916 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், கலகங்களும் இராணுவச் சட்டமும் என இரண்டையும் தலைப்பிற் கொண்டிருந்தும், அதன் பாரம் முழுவதும் இரண்டாவதன் மேலேயே வீழ்ந்தது. வண்டியை இழுத்தோரின் ஆரவாரத்தினிடையே, கடை எரிந்த சோனகனின் குரல் கேட்கவில்லை. அரசினால் நொந்தவனுக்கு இராமநாதன் துணை நின்றார். அயலவனால் நொந்தவனுக்கு நின்றாரல்லர். அக்காயம் சோனகர் மனத்தில் நெடுங்காலம் ஆறவில்லை. அவரது வீரத்தை இது சிறிதும் குறைப்பதன்று. வீரமும் ஒருபுறமாய்ச் சாயக்கூடும் என்பதையே காட்டுகின்றது.

இதனை இன்று ஏன் எடுத்துரைக்கின்றோம்? 1958 இலும் 1977 இலும் 1983 ஜூலையிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தபொழுது, எரிந்தவை நம்முடையவை. வெள்ளவத்தைக் காலி வீதியில் வாழ்ந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அன்று நம்மிற் பலர், 'எமக்காகப் பேச ஒரு சிங்களத் தலைவர் கடல்கடந்து செல்லவில்லையே' என வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதே. அதே வருத்தத்தை 1915 இற் சோனகர் ஒருவர் நம்மைக் குறித்து அடைந்திருப்பார் என எண்ணிப் பார்த்தோமா? இன்னும் ஒன்று. 1990 ஒக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட தவணை சில மணி நேரமே. இதற்கு இராமநாதன் பொறுப்பாளியல்லர். அறுபது ஆண்டுகளுக்குமுன் மறைந்தவர் மீது அப்பழியைச் சுமத்துதல் அறமன்று. எனினும் இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகின்றது. 1888 இல், 'நீவிர் தமிழரே. தனி ஆசனம் வேண்டாம்' என்றது ஒரு குரல். 1990 இல், 'நீவிர் தமிழரல்லர். இங்கு இருக்க வேண்டாம்' என்றது மற்றொரு குரல். இரண்டுக்கும் பொது யாதெனின், மற்றவன் யார் என்பதை அவனைக் கேளாமலே தீர்மானிக்கும் வழக்கம். கல்விக் கழகத்தில் மென்மையாய்த் தொடங்கும் வழக்கம், துப்பாக்கி ஏந்தியோர் கையிற் சேரின் என்னாகும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டாம்.

இரண்டாவது கடன் நம் சொந்த மக்களிடமே பட்டது. 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு கொழும்பிற்கு வந்தது. அன்று இலங்கை மக்களுள் நூற்றுக்கு நான்கு பேர்க்கே வாக்குரிமை இருந்தது. சர்வசன வாக்குரிமையை ஆணைக்குழு சிபாரிசு செய்தபொழுது, இராமநாதன் அதனை முழுவலிமையுடன் எதிர்த்தார். வெள்ளாளரல்லாத சாதியார்க்கும் மகளிர்க்கும் வாக்களித்தலை அவர் ஏற்கவில்லை என்பது வரலாற்றாசிரியர் பலரும் எழுதியுள்ளது. 1929 டிசம்பரில் டொனமூர்த் திட்டம் சபையில் 19 க்கு 17 ஆகிய இரண்டே வாக்குகளால் நிறைவேறியது. எழுபத்தொன்பதாம் வயதில், 1930 இல், இலண்டனுக்கு மனுவுடன் சென்றும் அவர் அதனைத் தடுக்க முடியவில்லை. பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர், அக்கல்லூரியிற் படித்த பெண்ணின் கையில் வாக்குச்சீட்டைக் கொடுக்க மறுத்தார். இம்முரண்பாட்டை நாம் மூடிமறைத்துப் பயனில்லை.

அவரது எதிர்ப்பில் இரு இழைகள் பின்னிக் கிடந்தன. அவற்றைப் பிரித்தறிதலே நியாயமான தீர்ப்பின் தொடக்கமாம். ஓர் இழை, சிறுபான்மையோரின் அச்சம். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கி, காப்பு யாதுமின்றித் தலையெண்ணிக்கையால் ஆட்சி நடக்குமாயின், தமிழர் நசுக்குண்பர் என அவர் அஞ்சினார். 1948 இற் குடியுரிமைச் சட்டமும், 1949 இல் மலையகத் தமிழரின் வாக்குரிமை பறிப்பும், 1956 இற் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தபின், அவ்வச்சம் வீண் என எவரும் கூறார். மற்றை இழையோ, பிறப்பாலும் கல்வியாலும் உயர்ந்தோரே ஆளத்தக்கார் என்னும் எண்ணம். 1911 ஆம் ஆண்டுத் தேர்தல் வெற்றியையும் இவ்வொளியிலேயே பார்க்க வேண்டும். மூவாயிரத்துக்கும் குறைந்த வாக்காளரிடையே, கரையார் வகுப்பினரான மார்க்கஸ் பெர்னாண்டோவை விடுத்துக் கொவிகமச் சிங்களர் பலர் வெள்ளாளரான இராமநாதனை ஆதரித்தமைக்குச் சாதியும் ஒரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர். இன ஒற்றுமையின் சிகரமென நாம் புகழும் வெற்றியின் அடியிலே சாதி ஒற்றுமை கிடந்தது.

அச்சம் சரியானது, அதற்கு அவர் கண்ட மருந்து பிழையானது. இதற்குச் சான்று மலையகமே. தோட்டத் தொழிலாளர் 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வாக்கு இருந்தவரை அவரைப் புறக்கணித்தல் அரிதாயிருந்தது. நாடற்றவராக்கப்பட்டு வாக்கும் போனவுடன் அவர் கேட்பாரற்றவராயினர். எளியவனுக்கு வாக்கு ஆபத்தன்று. அவனிடமுள்ள ஒரே கேடயம் அது. பெரும்பான்மையின் மிகுதியை அடக்க வேண்டியது சட்டக் காப்புக்களாலே. ஏழையின் வாயையும் பெண்ணின் வாயையும் அடைப்பதாலன்று. சாதியாற் றாழ்த்தப்பட்டவனுக்கும் பெண்ணுக்கும் இடங்கொடாத தமிழினம், உலகத்தின் முன் சமத்துவம் வேண்டி நிற்கும்பொழுது அதன் குரல் கரகரக்கின்றது. நம் அரசியல் நெடுங்காலம் அக்கரகரப்புடனேயே பேசி வந்தது.

'அவர் காலம் அத்தகையது. இன்றைய கண்கொண்டு அன்றையவரைப் பார்க்கலாமா?' என்பர் சிலர். கேட்கத்தக்க வினாவே. ஆனால் அக்காலம் ஒரே குரலுடையதன்று. அவர் தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1919 இலேயே தோட்டத் தொழிலாளரின் நலங்கருதிச் சங்கம் அமைத்தார். 1924 இற் றொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், தீண்டாமையை ஒழித்தலைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக்கியது. 1927 இல் மகளிர் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் எழுந்தது. டொனமூர்க் குழுவினர் இலங்கையில் இருந்த அதே நவம்பரிற் காந்தியடிகளும் இங்கு வந்து தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். ஒரே வீட்டிலும், ஒரே ஊரிலும், ஒரே மாதத்திலும் வேறு குரல்கள் ஒலித்தன. இராமநாதன் அவற்றைக் கேளாதவரல்லர்; கேட்டும் வேறுவழி தெரிந்தவர். அவரைக் காலத்தின் கைப்பொம்மை என்பது அவருக்குச் செய்யும் மரியாதையுமன்று. கருங்கல்லை வளைத்துக் கோயில் கட்டியவரின் மனவுறுதியை, தீங்கு வந்த இடத்தில் மட்டும் இல்லையென மறுத்தல் எங்ஙனம் பொருந்தும்?

'நம் குறையை நாமே சொன்னாற் பகைவர் பயன்படுத்துவர்' என்பர் வேறு சிலர். இதனை அஞ்சியே எல்லா இனத்தாரும் தத்தம் தலைவரின் கடன்களை மறைக்கின்றனர். பிறநாட்டில் நிகழ்ந்தது ஒன்று கூறுவோம். மனிதரெல்லாம் சமமாய்ப் படைக்கப்பட்டனர் என 1776 இல் அமெரிக்காவின் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன், 1826 இல் இறக்கும்வரை அடிமைகளை உடையவராயிருந்தார். அவ்வடிமைகளின் வழிவந்தோர் அவரது எழுத்தைக் கிழித்தெறியவில்லை. 1963 இல் மார்ட்டின் லூதர் கிங் அவ்வெழுத்தையே கடன் பத்திரமாய்க் காட்டி, 'எங்கள் பங்கைத் தருக' எனக் கேட்டார். மறைந்தவரின் நற்சொல்லை அவர் விலக்கிவைத்த மக்களுக்கும் உரியதாக்குதலே கடனைத் தீர்க்கும் வழி. அவ்வாறு செய்தபின் பகைவன் பயன்படுத்த எஞ்சுவது யாது?

நாம் என்செய்தல் வேண்டும்? பெரிய காரியங்கள் எதனையும் கூறோம். கொழும்பின் தமிழ்ப் பாடசாலைகளில் இராமநாதன் நினைவுநாட் பேச்சுப் போட்டிகளிலே, 1915 ஆம் ஆண்டு வண்டி இழுத்த கதையைச் சொல்லும் மாணவன், அவ்வாண்டு எரிந்த பள்ளிவாசல்களையும் சொல்லுக. 1888 ஆம் ஆண்டுக் கட்டுரையும் 1907 ஆம் ஆண்டு மறுப்பும் ஒரே தொகுப்பிற் றமிழில் வெளிவருக. அதனைத் தமிழரும் முஸ்லிம்களும் கூடி வெளியிடுக. 2014 இல் அளுத்கமையிலும் 2018 இற் கண்டிப் பகுதியிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. அத்தகைய நாள் மீண்டும் வருமாயின், முதற் கண்டனக் குரல் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் எழுக. நம் கோயிற் பரிபாலன சபைகளிலும் கல்லூரிச் சபைகளிலும் மகளிர் எத்தனை பேர், மலையகத்தார் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்போமாக. எண்ணத் தொடங்கினால், டொனமூர்க் காலம் இன்னும் முற்றாகக் கழியவில்லை என்பது புலனாகும்.

இவற்றாற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சிறியவராகிவிடுவாரோ? ஆகார். தெய்வமாக்கப்பட்டவருக்கு மாலை மட்டுமே சாத்த முடியும். அவரிடமிருந்து ஒன்றும் கற்க முடியாது. மனிதரெனக் கண்டவரிடமிருந்தே, எதைத் தொடர்வது, எதைத் திருத்துவது என நாம் கற்றுக்கொள்கின்றோம். அவர் கட்டிய கோயிலின் கதவு திறந்தே இருக்கின்றது. அவர் நிறுவிய கல்லூரியின் வளவிலெழுந்த பல்கலைக்கழகத்திலே இன்று எல்லாச் சாதியாரும், பெண்களும், முஸ்லிம்களும், சிங்களரும் கற்கின்றனர். அவர் அழைக்க எண்ணாதோரும் அவர் வளவினுள் வந்து அமர்ந்துவிட்டனர். முதுசொம் அவர் எண்ணியதினும் பெரிதாய் வளர்ந்துவிட்டது. அதற்கு ஈடாகக் கடனைத் தீர்க்கும் பொறுப்பு, அவர் பெயரைச் சொல்லும் நம் ஒவ்வொருவருடையதுமாகும்.